மாலை வகுப்பு வந்த வழி



ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொழுது எப்படிப் போகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டு. இருட்டோடு நிரையில் கால் வைத்தால், மங்கு மங்காகப் பாலெடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் தாண்டியிருக்கும். குளித்துச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் மாலை. அந்த மாலைப் பொழுது மட்டும்தான் தொழிலாளிக்குச் சொந்தமானது. சிலர் பந்து விளையாடினார்கள், சிலர் கோயில் திடலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள், சிலர் கள்ளுக்கடைக்குப் போனார்கள்.

1974-ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்திலிருந்து நான்கு பேர் மட்டும் ஐந்தரை மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறு மைல் தள்ளியிருந்த பட்டணத்திற்குப் போவோம். ஒரு கடைவரிசையின் மாடியில் பன்னிரண்டு தட்டச்சுப் பொறிகள் இருந்தன. கிழமையில் மூன்று இரவுகள். தட்டச்சு, கணக்குப் பதிவு, கொஞ்சம் வணிகக் கடிதம். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் ‘கமர்ஷியல்’ என்போம். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே எங்களுக்கு முதுகு சற்று நிமிரும்.

பகல் முழுவதும் உழைத்தவனை இரவில் உட்கார வைத்துப் பாடம் சொல்லலாம் என்று முதலில் நினைத்தவர் யார்? அதிலும் வணிகப் பாடம் ஏன் வந்தது? அது கடல் கடந்து நம் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது? இன்று அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்ற தொழில் நகரம். 1799-ல் அங்கிருந்த ஒரு கல்விக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்க ஜார்ஜ் பர்க்பெக் என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். பாடத்தில் காட்டுவதற்கு அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அதைச் செய்துதர வல்லவர்களைத் தேடித் தொழிற்பட்டறைக்குப் போனார். வேலை நடக்கும்போது, பட்டறை ஆட்கள் தம் கையால் உருவாகும் அந்தப் பொருளைச் சுற்றி நின்று, இது என்ன, இது எதற்கு, உள்ளே எப்படி இயங்கும் என்று கேட்டார்கள். கேட்டவர்களின் கண்ணில் இருந்த ஆவலை அவர் மறக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்த விரும்புகிறேன் என்று நிருவாகத்திடம் சொன்னார்.

படித்தவர்கள் சிரித்தார்கள். கூப்பிட்டால் தொழிலாளி வரமாட்டான், வந்தாலும் கவனிக்கமாட்டான், கவனித்தாலும் அவனுக்கு விளங்காது என்று மூன்று படியாக அடுக்கிச் சொன்னார்களாம். பின்னாளில் பர்க்பெக் அவர்களே இதை நினைவுகூர்ந்திருக்கிறார். நேயர்களே, இந்த மூன்று வார்த்தைகளையும் நம்மில் பலர் நம் காதாலேயே கேட்டிருப்போம். ஆனால் கிளாஸ்கோவில் நடந்தது வேறு. முதல் மாலையில் 75 பேர் வந்தார்கள். அடுத்த முறை 200, அதற்கடுத்து 300, நான்காவது பாடத்திற்கு 500 பேர்.

பிறகு பர்க்பெக் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1823-ஆம் ஆண்டு நவம்பரில், ஸ்ட்ராண்ட் என்னும் தெருவிலிருந்த ஒரு பெரிய மதுக்கடையின் மண்டபத்தில் கூட்டம் கூடி, தொழிலாளருக்கான கல்விச் சங்கம் ஒன்றை அமைக்க முடிவு செய்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. மதுக்கடையில் பள்ளிக்கூடம் பிறந்ததைக் கேட்டு எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், “நம்ம கள்ளுக்கடையில கணக்குத் தவிர வேறென்னப்பா பிறந்துச்சு?” என்றார்.

எதிர்ப்பும் இருந்தது. உழைப்பவன் படித்துவிட்டால் அரசுக்கும் சமூகத்துக்கும் ஆபத்து என்று பத்திரிகைகள் எழுதின. சங்கம் அசையவில்லை. 1830-ல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1920-ல், அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. அதை நிறுவியவரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.

முதலில் அங்கே கற்பித்தது இயந்திரமும் இரசாயனமும்தான். வணிகம் பின்னால் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. உலகெங்குமிருந்து சரக்குக் கப்பல்கள் இலண்டன் துறைமுகத்திற்கு வரத் தொடங்கின. கப்பல் இருந்தால் காப்புறுதி வேண்டும், வங்கி வேண்டும், தரகர் வேண்டும். இவையனைத்திற்கும் எழுதுபவன் வேண்டும். ஆயிரமாயிரம் இளைஞர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேனாவால் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பகலில் ஓய்வு ஏது? 1848-ல் சார்லஸ் மெக்கன்சி என்ற பாதிரியார் இலண்டன் நகரின் நடுவில் இளைஞர்களுக்கு மாலை வகுப்புகள் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் சிட்டி ஆஃப் லண்டன் கல்லூரி ஆயிற்று.

வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு அஞ்சல் துணை வந்தது. ஐசக் பிட்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1837-ல் ஒலியை ஒட்டிய சுருக்கெழுத்து முறை ஒன்றை வெளியிட்டார். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு எங்கும் கடிதம் அனுப்பும் திட்டம் வந்தது. பிட்மன் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் எழுதி அனுப்புவார்கள். திருத்தித் திரும்பி வரும். அஞ்சல்வழிக் கல்வி என்று நாம் இன்று சொல்வதற்கு அதுவே முன்னோடிகளில் ஒன்று. பட்டணத்து மாடியில் நாங்கள் வைத்திருந்த சுருக்கெழுத்துப் புத்தகத்தின் அட்டையிலும் அவர் பெயர்தான் இருந்தது. நான் அதில் பத்துப் பக்கம் தாண்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படித்தால் போதுமா, படித்தான் என்பதற்குச் சான்று வேண்டாமா? பிரபுவின் மகனுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இருந்தது. இரவில் படித்தவனுக்கு என்ன இருந்தது? இலண்டனிலிருந்த கலைக் கழகம் என்ற பழைய சங்கம், உழைக்கும் மக்களுக்கென்று தேர்வு நடத்த முன்வந்தது. முதல் அழைப்பிற்கு ஒரே ஒருவர்தான் வந்தார். அவர் புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலாளி. ஒருவருக்காகத் தேர்வு நடத்த முடியாமல் போயிற்று. ஆனால் சங்கம் கைவிடவில்லை. 1856-ல் மறுபடி அறிவித்தபோது 52 பேர் எழுதினார்கள். முதலில் தனியாக வந்த அந்த மனிதரின் துணிவை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கை கால் முழுதும் கரியாக வேலை செய்துவிட்டு, தேர்வு எழுத வந்து நின்றவர் அவர். பின்னர் 1881-ல் நிறுவப்பட்ட இலண்டன் வணிகர் சங்கம் 1890-ல் வணிகத் தேர்வுகளைத் தொடங்கியது. ‘எல்.சி.சி.’ என்று நம் நாட்டுப் பட்டணங்களில் ஒரு காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட தேர்வு இதுதான்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் கதை நம் கதையோடு வந்து முட்டுகிறது.

சிட்னி வெப் 1859-ல் இலண்டனில் பிறந்தார். தாயார் ஒரு சிகையலங்காரக் கடை நடத்தினார். தந்தை கணக்குவழக்குப் பார்ப்பவர். குடும்பம் சிரமப்பட்டுச் சில காலம் அவரை வெளிநாட்டுப் பள்ளிக்கும் அனுப்பி மொழி படிக்க வைத்தது. ஆனால் பதினாறு வயதளவில் படிப்பு நின்றது. காலனி நாடுகளின் சரக்கைத் தரகு பார்க்கும் அலுவலகத்தில் எழுத்தரானார். பகலில் மேசை, இரவில் வகுப்பு. பர்க்பெக் நிறுவிய அதே கல்விக்கூடத்திலும், மெக்கன்சி தொடங்கிய அதே கல்லூரியிலும் மாலைகளில் படித்தார். 1878-ல் தேர்வெழுதி அரசாங்க எழுத்தரானார். 1881-ல் காலனி நாடுகளுக்கான அமைச்சகத்தில் இடம் பிடித்தார். இரவுப் படிப்பைத் தொடர்ந்து சட்டப் பட்டமும் பெற்றார்.

தாம் ஏறிய ஏணியை அவர் மறந்துவிடவில்லை. 1894-ல் ஹட்சின்சன் என்பவர் உயில் மூலம் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு, அடுத்த ஆண்டு இலண்டனில் பொருளாதாரக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். முதலாண்டிலேயே இருநூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். வேலைக்குப் போவோர் வரத்தக்கதாக மாலையில் பாடங்கள் நடந்தன. இன்று உலகமெல்லாம் பேர் பெற்ற கல்லூரி அது. தம் மனைவி பியாட்ரிசுடன் சேர்ந்து 1894-ல் தொழிற்சங்கங்களின் வரலாற்றையும் நூலாக எழுதி வெளியிட்டிருந்தார்.

இப்போது கவனியுங்கள். 1929-ல் பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, இந்தச் சிட்னி வெப், பாஸ்பீல்டு பிரபு என்ற பட்டத்துடன் காலனி நாடுகளின் அமைச்சரானார். எழுத்தராக நுழைந்த அதே அமைச்சகத்துக்கு அவரே தலைவர். அப்போது மலாயாவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை படுத்தது. கூலியைக் குறைத்தார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

1930 செப்டம்பரில் அவர் காலனி அரசாங்கங்கள் அனைத்திற்கும் சுற்றறிக்கை அனுப்பினார். தொழிற்சங்கங்களைச் சட்டப்படி ஏற்றுக்கொள்ளுங்கள், பதிவு செய்ய வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். நல்ல காகிதம்தான். ஆனால் மலாயாவில் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது 1940-ல். பத்தாண்டுகள்! 1931-ல் அவர் பதவியிலிருந்து இறங்கிவிட்டார். இரவுப் படிப்பால் உயர்ந்த ஒருவர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டதால் மட்டும் கிள்ளானிலும் பேராக்கிலும் பால் வெட்டியவனுக்கு உடனே விடிவு வந்துவிடவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்தபோது துப்பாக்கிச் சூடே பதிலாகக் கிடைத்தது. எழுத்தராக இருந்து அமைச்சரானவரை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பத்தாண்டுகளை மறைத்துவிட்டு அவர் புகழை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கம் வருவோம். மலாயாவில் ‘கிராணி’ என்ற நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும்தாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறப்போ நிறமோ காரணமல்ல, பள்ளிக்கூடமே காரணம். இலண்டனில் தொழிலாளர் சங்கம் பிறந்த அதே 1823-ல்தான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் ஆங்கிலமும் கணிதமும் தமிழும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரியை நிறுவினார்கள். அதுபோன்ற பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு ரயில்வே, கருவூலம், தோட்ட அலுவலகம் எல்லாம் கதவைத் திறந்தன. தமிழகத்துக் கிராமத்திலிருந்து கங்காணியின் பின்னால் வந்தவருக்கு அப்படி ஒரு பள்ளி வாய்க்கவில்லை. 1923-ன் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது, பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை. பாடம் தமிழில். அலுவலகத்தின் மொழியோ ஆங்கிலம். கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் இடையே நூறு கெஜ தூரம்தான் இருந்தது. அந்த நூறு கெஜத்தைக் கடக்கப் பல குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறை பிடித்தது.

தமிழருக்குள்ளேயே வணிகம் கற்றுக்கொடுத்த பள்ளி ஒன்று இருந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் செட்டியார்களின் கிட்டங்கிகள்தாம் அவை. பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் ஓடியாடி வேலை செய்துகொண்டே கணக்கெழுதக் கற்பான். பிறகு அடுத்தாள் ஆவான், ஒரு நாள் மேலாளாகவும் ஆகலாம். பேரேடு, ஐந்தொகை என்ற சொற்களெல்லாம் அங்கே நாள்தோறும் புழங்கியவை. ஆனால் அந்தப் பள்ளிக்குச் சொந்தமும் சாதியும் வேண்டியிருந்தது. காசு கட்டி மாடிப்படி ஏறிய எவரையும் பட்டணத்து மாலை வகுப்பு சேர்த்துக்கொண்டது. அதுதான் வித்தியாசம்.

போருக்குப் பின், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. 1956-ல் மலாய்க் கிராமப்புற இளைஞர்களுக்காக ரீடா என்ற வாரியம் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கி வணிகப் பாடங்களை நடத்தியது. அதுவே மாரா கல்லூரியாகி, 1967-ல் மாரா தொழில்நுட்பக் கழகமாகி, 1999-ல் பல்கலைக்கழகம் ஆயிற்று. சிங்கப்பூரில் 1958-ல் பலதொழில் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியபோது பொறியியலோடு சுருக்கெழுத்தும் கணக்குப் பதிவும் கூடப் பாடப் பட்டியலில் இருந்தன. 1960-ல் அங்கே வயது வந்தோர் கல்விக் கழகம் அமைந்தது. கோலாலம்பூரில் 1969-ல் துங்கு அப்துல் ரகுமான் கல்லூரி தோன்றியது. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் 1971-ல் வேலை பார்ப்பவர்கள் வெளியிலிருந்தபடியே பட்டம் படிக்க வழி செய்தது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் தூரத்து வெளிச்சம். அருகிலிருந்தது கடைவரிசை மாடிதான். 1965-ல் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபின் எங்கள் வயதினர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து மூன்றாம் படிவம் வரை போக முடிந்தது. அங்கே எல்.சி.இ. தேர்வில் பலர் தவறினார்கள். தவறியவனுக்கு இரண்டு வழி: உளியை எடுப்பது, அல்லது உளியை எடுத்துக்கொண்டே மாலையில் மாடிப்படி ஏறுவது.

மாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேனே. பொறிகளின் எழுத்துகள் தெரியாதபடி சாவிகளின்மேல் காகிதம் ஒட்டியிருப்பார்கள். விரல் தானாக இடத்தைத் தேட வேண்டும். உளி பிடித்துக் காய்த்த விரலுக்கு அது எளிதல்ல. சுண்டுவிரலுக்கு வலுவே வராது. பன்னிரண்டு பொறிகளும் ஒன்றாகத் தட்டினால் கீழே மளிகைக் கடைக்காரர் மேலே பார்த்து ஏதோ சொல்வார். ஆசிரியர் எங்களுக்குத் தந்த கணக்குப் பதிவுப் புத்தகம் பழையது. அதில் எல்லாமே பவுன், ஷில்லிங், பென்ஸ். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். இங்கிலாந்தே 1971-ல் அந்தக் கணக்கைக் கைவிட்டுப் பத்தின் பெருக்கத்துக்கு மாறிவிட்டது. நாங்கள் 1974-ல் உட்கார்ந்து, கண்ணால் காணாத ஷில்லிங்கைக் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருந்தோம்.

இரட்டைப் பதிவு என்பது என்ன? தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கூட்டுறவுக் கடை நூறு வெள்ளிக்கு அரிசி வாங்குகிறது என்று வையுங்கள். சரக்குக் கணக்கில் நூறு ஏறுகிறது. அதே நேரம் ரொக்கக் கணக்கில் நூறு இறங்குகிறது. ஒரே செய்தி இரண்டு இடத்தில் பதிகிறது. மாதக் கடைசியில் இரு பக்கத்தையும் கூட்டினால் சமமாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ பிழை, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார். இரு பக்கமும் சமமாக வந்தாலும் பிழை ஒளிந்திருக்கலாம் என்பது இன்னொரு பாடம்; அது பிறகு வந்தது. இத்தாலிய நாட்டு வணிகர்கள் பழக்கத்தில் வைத்திருந்த இந்த முறையை 1494-ல் வெனிஸ் நகரில் லூக்கா பாசியோலி என்ற துறவி அச்சு நூலில் விளக்கி எழுதினார். துறவிக்குக் கணக்கு எதற்கு என்று எங்களில் ஒருவன் கேட்டதற்கு ஆசிரியர், கோயில் கணக்கை யார் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கல்வி என் வீட்டுக்குள் எப்போது வந்தது தெரியுமா? நான்காம் மாதம். அப்பா சம்பளச் சீட்டை வழக்கம்போல் மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். நான் வாங்கிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாக அந்தச் சீட்டு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதை வரி வரியாகப் படித்ததில்லை. கையில் வந்த வெள்ளியை எண்ணினோம், கடைக்காரருக்குக் கொடுத்தோம், மிச்சத்தை எண்ணினோம். அன்று பார்த்தால் அரிசி முன்பணம் போன மாதமும் பிடிக்கப்பட்டிருந்தது, இந்த மாதமும் பிடிக்கப்பட்டிருந்தது. பேரிலும் ஒரு நாள் குறைவதுபோல் எனக்குப் பட்டது.

மறுநாள் அப்பாவுடன் அலுவலகத்துக்குப் போனேன். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். “ஐயா, பையன் என்னமோ கேக்கணுங்கிறான்,” என்றார். பெரிய கிராணி மூக்குக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, “என்ன தம்பி?” என்றார். இரண்டு சீட்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் செக்ரோல் புத்தகத்தை எடுத்தார், முன்பணப் புத்தகத்தை எடுத்தார், விரலை வைத்து இறங்கினார். முன்பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டது உண்மை. அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டார். பேர் விஷயத்தில் நான் சொன்னது தவறு. அன்று மழை, தோட்டத்தில் யாருக்குமே பேர் இல்லை. அதை நான் எண்ணாமல் விட்டிருந்தேன். “ஒண்ணு சரி, ஒண்ணு பிழை. பரவாயில்லை, கூட்டிப் பார்க்கிறியே,” என்றார் அவர். திரும்பி வரும் வழியில் அப்பா பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சீட்டுகளை ஒரு கட்டாக எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தக் கட்டில் வேறொன்றும் இருந்தது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குச் சீட்டு. துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-ல் தொடங்கிய சங்கம் அது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலம். வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும் என்ற அச்சம் லயம் லயமாகப் பரவியிருந்தது. தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்று சொல்லி, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்க வைத்தார்கள். அப்பாவும் கட்டியிருந்தார். பங்கு என்றால் என்ன, ஈவு என்றால் என்ன, ஆண்டறிக்கையில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று அன்றிரவு அப்பாவுக்குச் சொன்னேன். எனக்கும் பாதிதான் தெரியும். அப்பா அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டார். மறுநாள் வகுப்பில் மீதிப் பாதியை ஆசிரியரிடம் கேட்டு வந்தேன்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மாடியில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்தாம். ஆனால் பட்டணத்துப் பெண்கள். தோட்டத்துப் பெண்கள் மிகச் சிலரே. காரணம் அறிவல்ல, ஒன்பது மணிப் பேருந்து. இறங்குமிடத்திலிருந்து லயத்துக்கு இருட்டில் இரண்டு மைல் நடக்க வேண்டும். எந்தத் தாய் விடுவாள்? பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் மட்டும் வகுப்பு நடக்கும் மூன்று இரவும் மகளோடு கூடவே வந்து, கீழே ஐந்தடியில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் அழைத்துப் போவார். அந்தப் பெண் கணக்குப் பதிவில் எங்களையெல்லாம் மிஞ்சினாள்.

எல்லா மாடியும் நல்ல மாடி என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு மூத்தவர் ஒருவர் வேறோர் ஊரில் ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாகவே கட்டினார்; மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. தேர்வுக் கட்டணமும் போயிற்று. பதிவு பெற்ற பள்ளியா, தேர்வை நடத்துவது யார், சென்ற ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்காமல் காசு கட்டக்கூடாது என்பதை அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

காலமும் மாறிக்கொண்டே வந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. மாடியிலும் மலாய்த் தட்டச்சு வந்தது, ‘திரெங்காஸ்’ என்ற மலாய்ச் சுருக்கெழுத்து வந்தது. பிறகு கணினி வந்து பொறிகளை ஓரங்கட்டியது. தோட்டங்களும் செம்பனைக்கு மாறின. பல, வீட்டு மனைகளாயின. 2000-ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 2006-ல் பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. வேலை பார்ப்பவர்கள் மாலையிலும் வார இறுதியிலும் படித்துப் பட்டம் வாங்கும் வழி அதனால் விரிந்தது.

சைக்கிளில் போன நால்வர் என்ன ஆனோம் என்று கேட்பீர்கள். ஒருவர் வேறொரு தோட்டத்தில் சின்னக் கிராணியாகி, அந்தத் தோட்டம் விற்கப்படும் வரை அங்கேயே இருந்தார். ஒருவர் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் கம்பெனியில் சேர்ந்தார். நான் மூன்று முறை எழுதி எல்.சி.சி. கணக்குப் பதிவில் இரண்டாம் நிலை வரை தேறினேன். பட்டணத்து அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. நான்காமவர் எங்களில் கெட்டிக்காரர். இரண்டாம் மாதமே அவருடைய தந்தை படுக்கையில் விழுந்தார். நிரையை மகன் ஏற்றுக்கொண்டு இரட்டைப் பங்கு வேலை செய்ய வேண்டியதாயிற்று. கடைசியாக வகுப்புக்கு வந்த அன்று தம் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, “வச்சிரு, சம்பளம் தேறுனதும் வந்து வாங்கிக்கிறேன்,” என்றார்.

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் அவர் பெயர், கீழே 1974. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு ஷில்லிங் கணக்கு பாதியில் நிற்கிறது.